பத்து மணி மெயில்

எங்க மாமா ரயில்ல படுக்கை போடுறவரு. இத ஸ்கூல்ல சொன்னா பிள்ளைங்க சிரிக்கும். "படுக்கை போடுறதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு கேக்கும். நான் சும்மா விடுவேனா? ராத்திரி மெயில்ல படுக்கை வண்டின்னு ஒன்னு இருக்கு, அதுல மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு ரெண்டு பக்கமும் படுக்கை இருக்கு, வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாம போடணும், தலகாணிக்கு உறை மாட்டணும், கம்பளிய மடிச்சு கால்மாட்டுல வைக்கணும், திரைய இழுத்து மூடணும், விடியக்காலையில யாரு எந்த ஸ்டேஷன்ல எறங்கணுமோ அவங்கள மட்டும், பக்கத்துப் படுக்கைக்குக் கேக்காம எழுப்பணும், இவ்வளவும் எங்க மாமா செய்வாருன்னு மூச்சுவிடாம சொல்லுவேன். "நீ போயிருக்கியா?"ன்னு கேட்டா மட்டும் வாய மூடிக்குவேன். எங்க வீட்ல யாரும் ரயில் ஏறினதில்ல.

நாங்க இருந்தது கம்போங் குவாந்தான் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். ரயிலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தண்டவாளம் பாக்கணும்னாலே ரவாங் வரைக்கும் போகணும். ஆனா மாமா லீவுக்கு வந்தாருன்னா நாங்க இருந்த லயத்து வீட்டு வரிசை முழுக்க ரயில் வாசனைதான். கைக்கு அடங்குற சின்ன சோப்பு, சாப்பாட்டு வண்டியில குடுக்கற காகிதம் சுத்தின சீனிக்கட்டி, இதெல்லாம் கொண்டாருவாரு. கீழ்ப்படுக்கைதான் ராஜா படுக்கைம்பாரு. ஜன்னல் இருக்கு, படுத்துக்கிட்டே ஊரெல்லாம் பாக்கலாம். மேல்படுக்கையில ஒரு சின்ன லைட்டும் குளிரும்தான், ஐஸ் பெட்டிக்குள்ள ஏறிப் படுத்த மாதிரி இருக்கும்பாரு. அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்வி கேப்பாங்க.

"இத்தன பேருக்கு மெத்தை போடுறியே, நீ எங்கடா படுப்ப?"

"படுக்கறதா? பெட்டி ஓரத்துல மடக்கு சீட்டு ஒன்னு இருக்குக்கா. அதுல உக்காந்தா விடிஞ்சிரும்."

அம்மாவுக்குக் கண்ணு கலங்கிரும். மாமா அவங்களுக்கு ஒரே தம்பி. மாமாவோட பெண்டாட்டியும் ரெண்டு பொண்ணுங்களும் தமிழ்நாட்டுல. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ பினாங்குல கப்பலேறிப் போய்ப் பாத்துட்டு வருவாரு. இந்த நாட்டுல அவருக்குன்னு இருந்த கூடப் பொறந்த சொந்தம் எங்க அம்மா மட்டும்தான்.

இப்ப எங்க அப்பாவப் பத்திச் சொல்லணும். அப்பா மண்டோர். விடியறதுக்கு முன்னால ஆளுங்கள வரிசையா நிக்கவச்சு, பேர் கூப்பிட்டு, வேலை பிரிச்சு அனுப்புறாங்களே, பெரட்டு, அத நடத்துறவரு. அப்பா யாருக்காகவும் காத்திருக்க மாட்டாரு. பேர் கூப்பிட்டு முடிச்சப்பறம் வந்தா, வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல்னு அம்மா கொஞ்சம் பிந்திப் போனாங்க. பெண்டாட்டின்னும் பாக்காம திருப்பி அனுப்பிட்டாரு மனுஷன். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல வெறும் ரசம்தான். அப்பா அதக் குடிச்சிட்டு எழுந்து போனாரு. தோட்டத்துல அவருக்கு அப்படியொரு பேரு, அதுல அவருக்குப் பெருமை வேற.

நான் பெரிய மனுஷியானப்ப சடங்கு வச்சாங்க. தாய்மாமன் வந்து மாலை போட்டு, சீர் வைக்கணும். மாமாவுக்குச் சேதி சொல்லியாச்சு. அவரும் வேலை முடிஞ்சு நேரா வந்துர்றேன்னு சொல்லியனுப்பினாரு. ஆனா அது வருஷக் கடைசி, தெக்க ஒரே மழை, வெள்ளம். தண்டவாளத்துல தண்ணி ஏறி வண்டியெல்லாம் தாமதம். இங்க பந்தல்ல நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்கறாங்க. அப்பா கைக்கடிகாரத்தப் பாத்தாரு, ஐயரப் பாத்தாரு, "ஆரம்பிங்க"ன்னுட்டாரு. அம்மாவுக்கு ஒன்னுவிட்ட தம்பி முறையில ஒருத்தர் வந்திருந்தாரு. அவர நிக்கவச்சு மாலையப் போட்டு முடிச்சிட்டாங்க.

எல்லாம் முடிஞ்சு பந்தி போட்டுக்கிட்டு இருக்கும்போது மாமா வந்தாரு. ரயில்வே சட்டைகூட மாத்தல. தலையெல்லாம் மழைத்தண்ணி. கையில பெரிய தாம்பாளம், அதுல அரக்குச் சேலை, வளையல், பூ, பழம். என் கழுத்துல கெடந்த மாலையப் பாத்தாரு. அப்பறம் அப்பாவப் பாத்தாரு.

"அரை மணி நேரம், மச்சான். எனக்காக ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியலையா?"

அப்பா வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கல. "ஒன் வண்டி லேட்டா வரலாம் மச்சான், நல்ல நேரம் லேட்டா வராது"ன்னாரு. பந்தியில ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. அதுதான் மாமாவுக்குச் சுட்டிருக்கணும். தாம்பாளத்த கீழ வச்சாரு, தண்ணிகூடக் குடிக்காம திரும்பிட்டாரு. அம்மா பின்னாலயே ஓடினாங்க. லயத்து மூலையில நின்னு அவரு ஏதோ சொன்னாரு, அம்மா அழுதாங்க. அந்தச் சேலைய எம் மக கட்டக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. அம்மா அத பெட்டிக்குள்ள அடியில வச்சுப் பூட்டிட்டாங்க.

அதுக்கப்பறம் மாமா எங்க பக்கம் வரவே இல்ல. வாரத்துல ரெண்டு தடவ கோலாலம்பூரத் தாண்டித்தான் அவரு வண்டி, பினாங்குக்கு எதுக்க இருக்கற பட்டர்வொர்த்துக்குப் போவுது. எறங்கி ஒரு பஸ் ஏறினா வந்துரலாம். வரல. அப்பாவும் கூப்பிடல. அம்மா மட்டும் ராத்திரி ஆச்சுன்னா, "பத்து மணி மெயில் கெளம்பியிருக்கும், படுங்க"ன்னு சொல்லுவாங்க. எங்க வீட்ல தூங்கற நேரத்துக்கே அதுதான் பேரு. அப்பா வெளக்க நிறுத்துவாரு.

நான் வளந்து ரவாங்ல ஒரு பாக்டரிக்கு வேலைக்குப் போனேன். தோழிங்களோட ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தேன். லீவுக்குத்தான் வீட்டுக்கு வருவேன். அப்பத்தான் அரசாங்கம் ஒரு புது வருஷத்துல நாட்டோட மணிய அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிச்சி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற நம்ம சபா, சரவாக் மாநிலத்தோட ஒரே மணியாக்கணுமாம். ஊரெல்லாம் கடிகாரத்தத் திருப்பி வச்சாங்க. எங்க அப்பா வைக்கல.

"ஜப்பான்காரன் வந்தப்ப ஒன்றரை மணி நேரம் தள்ளினான். அவன் போனதும் மணி தானா பழைய எடத்துக்கு வந்துச்சி. இதுவும் வரும், பாரு" அப்படின்னாரு. சொவத்துல சாவி குடுக்கற கடிகாரம் ஒன்னு இருந்துச்சி. அதையும் தொடக்கூடாது, கையில கட்டியிருக்கறதையும் மாத்த மாட்டேன்னுட்டாரு. "சூரியனுக்கு யாராச்சும் போய் நோட்டீஸ் குடுத்தாங்களா?"ன்னு ஒரு கேள்வி வேற.

சிரிக்கலாம், ஆனா தோட்டத்துல அவரு சொன்னதுதான் நடந்துச்சி. இருட்டுல மரம் சீவ முடியுமா? அதனால தோட்டத்துத் தொரை பெரட்ட புது மணிக்கு அரை மணி நேரம் தள்ளி வச்சாரு. ஆனா பேரு மாறல, ஆறு மணிக்கு நடந்தாலும் அது அஞ்சரைப் பெரட்டுதான். குவாலா சிலாங்கூர் போற ஏழு மணி பஸ் ஏழரைக்கு வரும். அத ஏழு மணி பஸ்னுதான் சொல்லணும், ஏழரை பஸ்னு சொன்னா யாருக்கும் வெளங்காது. டிக்கெட் குடுக்கறவரே ஏழு மணி பஸ்னுதான் சொல்லுவாரு. எல்லாத்துக்கும் பழைய பேரு, புது நேரம். நாங்க யாரும் இதுக்காகக் கணக்குப் போட்டதில்ல, வாய் தானா சொல்லும், கால் தானா அரை மணி நேரம் கழிச்சுப் போகும்.

ரவாங்ல அப்படி இல்ல. பாக்டரியில ஏழு மணின்னா புது மணிக்கும் ஏழுதான். கார்டு அடிக்கிற மெஷின் ஏழத் தாண்டினா செவப்புல அடிக்கும். நான் ரெண்டு மணிக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருந்தேன்.

அந்த வருஷ நடுவுல ஒரு நாள். எனக்கு ஷிப்ட் லீவு, வீட்ல இருந்தேன். மத்தியானம் தோட்டத்து ஆபிஸ்ல கணக்கெழுதற கிராணி ஒரு ஆளு மூலமா சேதி சொல்லியனுப்பினாரு. ஆபிஸ் போன்ல நம்ம ஆளுங்க பேச முடியாது, வர்ற சேதி மட்டும்தான் நம்மள வந்து சேரும். சேதி இதுதான். மாமா வேலையிலேருந்து ஓய்வு வாங்கிட்டாரு. ஒரேயடியா ஊருக்குப் போறாரு. இன்னிக்கு ராத்திரி பத்து மணி மெயில்ல பினாங்கு போயி, நாளைக்குக் கப்பல். முடிஞ்சா கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாரு.

அம்மா அடுப்படியில அப்படியே உக்காந்துட்டாங்க. "ஒரேயடியாவா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்பறம், "முடிஞ்சான்னானாம், முடிஞ்சா! வேத்து ஆளுகிட்டச் சொல்ற மாதிரி"ன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. இன்னிக்குப் பாக்கலன்னா இனிமே இந்த ஜென்மத்துல இல்லன்னு எங்க மூணு பேருக்குமே தெரியும். கோவத்தோட போனான்னா அந்தக் கோவம் கடலுக்கு அந்தப் பக்கமே இருந்துரும், இங்க உக்காந்துக்கிட்டு நான் எப்படித் தீக்கறதுன்னு அம்மா பொலம்பினாங்க.

அப்பா கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாரு. தொண்டைய செருமினாரு.

"அந்த அரக்குச் சேலைய எடுத்து வெளிய வை. புள்ள கட்டிக்கிட்டு வரட்டும். அவன் பாக்கட்டும்."

எங்க அப்பா வாயிலேருந்து மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வராது, அது அவருக்குப் பழக்கமில்ல. இதுதான் அவரோட மன்னிப்பு. அம்மா எழுந்து போயி பெட்டியத் தெறந்தாங்க. அப்பறம் பரபரன்னு வேலை நடந்துச்சி. புளிச்சோறு கிண்டி, நெத்திலி சம்பல் வச்சு, தூக்குச்சட்டியில அடைச்சாங்க. வண்டி குளிரும்னு ஒரு கம்பளி. "இன்னிக்காச்சும் படுக்கையில படுத்துப் போவானா, இல்ல பழக்க தோஷத்துல மடக்கு சீட்டுலயே உக்காந்து போவானா"ன்னு அம்மா தனக்குத் தானே பேசிக்கிட்டாங்க. சேலைய நான் பையில எடுத்துக்கிட்டேன். பஸ்ல கட்டிக்கிட்டுப் போனா கசங்கிரும்.

கெளம்பறப்பதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சி.

"அப்பா, பத்து மணி மெயில்னா பழைய பத்தா, புது பத்தா?"

"பஸ்ஸு எப்ப வருது? ஏழு மணி பஸ்ஸு ஏழரைக்கு வருது. பெரட்டு எப்ப? எல்லாம் அரை மணி நேரம் தள்ளி. மெயில் மட்டும் என்னா? புது மணிக்குப் பத்தரை, என் கடிகாரத்துக்குப் பத்து."

"எங்க பாக்டரி மாறலையே லா?"

"ஒங்க பாக்டரிக்குக் கூரை இருக்கு, லைட்டு இருக்கு, எப்ப வேணா வேலை செய்யலாம். ரயிலு வெளிய ஓடுது, பாப்பா."

என்னா ஒரு பதில்! இப்ப நெனச்சா சிரிப்பும் வருது, வயிறும் எரியுது. அன்னிக்கு அது எனக்கு நியாயமாப் பட்டுச்சி. டவுன்ல பொதுப் போன் ஒன்னு இருந்துச்சி, ஸ்டேஷனுக்குப் போட்டுக் கேக்கலாம்னு போனேன். ஒயரு மட்டும் தொங்குது, ரிசீவரக் காணோம். சரின்னு பஸ் ஏறிட்டோம்.

ஈஜோக்கத் தாண்டினதும் மழை புடிச்சிக்கிச்சி. அதோட பஸ் டயரும் போச்சு. எல்லாரையும் எறக்கிவிட்டாங்க. ரோட்டோரத்துல ஒரு கடைக் கூரைக்கடியில ஒதுங்கி நின்னோம். மாத்து பஸ் வர்றதுக்குள்ள இருட்டிருச்சி. போற வர்ற லோரியெல்லாம் சேத்த அடிச்சிட்டுப் போனதுல என் பாவாடை, அம்மா சேலை எல்லாம் ஒரே மண்ணு. அம்மா தூக்குச்சட்டிய முந்தானையால மூடிக்கிட்டு நின்னாங்க. அப்பா நிமிஷத்துக்கு ஒரு தடவ கடிகாரத்தப் பாத்தாரு. ஆனா பதறல. "இருக்கு, நேரம் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

கோலாலம்பூர்ல எறங்கினப்ப பஸ் ஸ்டேஷன் கடிகாரத்துல ஒன்பதரை. அங்கேருந்து ரயில் ஸ்டேஷன் நடை தூரம்தான். அப்படியே நேரா போயிருந்தா மாமாவப் பாத்திருப்போம். இந்த ஒரு வரிய நான் எத்தன வருஷமா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருக்கேன் தெரியுமா? அப்படியே நேரா போயிருந்தா.

அப்பா என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. சேறு அப்பின பாவாடை, ஈரத்தலை.

"இப்படியா போயி நிக்கறது? நேரம் இருக்கு. போயி அந்தச் சேலையக் கட்டிக்கிட்டு வா. நாங்க இருக்கோம்."

பொம்பளைங்க கக்கூஸ்ல ஒரே கூட்டம். வரிசையில நின்னு, உள்ள போயி, கால் வைக்க எடமில்லாத எடத்துல அம்மா எனக்குச் சேலை கட்டிவிட்டாங்க. புதுப் பட்டு, மொடமொடன்னு நிக்குது, கொசுவம் அடங்க மாட்டேங்குது. பாச்சா உருண்டை வாசனை மூக்கத் தொளைக்குது. ஒரு தடவ கட்டி, ஒசரம் சரியில்லன்னு அவுத்து, மறுபடி கட்டினாங்க. "மாமன் கொண்டாந்த சேலை, கோணலாவா கட்றது"ன்னாங்க. முகத்தத் தொடச்சு, பொட்டு வச்சு, தலை சீவிவிட்டாங்க. நாங்க வெளிய வந்தப்ப அப்பா கையில ஒரு மொழம் பூவோட நிக்கறாரு. எங்கதான் தேடிப் புடிச்சாரோ. பெண்டாட்டியவே பெரட்டுலேருந்து திருப்பி அனுப்பின மனுஷன், வாழ்க்கையில மொத தடவையா முணுமுணுக்காம, கடிகாரத்தப் பாக்காம, ஒருத்திக்காக நின்னு காத்திருந்தாரு. என்னைப் பாத்ததும் அவரு மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சி. "இப்பப் பாக்கட்டும் அவன்"ன்னாரு.

ஸ்டேஷன் உள்ள நுழைஞ்சப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சி. வழியனுப்ப வந்தவங்க எல்லாம் எதுக்க வந்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு சின்னப் புள்ள தன் அப்பா தோள்ல அழுதுக்கிட்டே போவுது. பிளாட்பாரத்துல வெறும் தண்டவாளம். மேல தொங்கின பெரிய கடிகாரத்துல பத்தத் தாண்டி நாலஞ்சு நிமிஷம். அப்பா அதப் பாக்கல. தன் கையப் பாத்துக்கிட்டு, "இன்னும் வண்டிய கொண்டாந்து நிறுத்தல போலிருக்கு"ன்னாரு.

ரயில்வே சட்டை போட்ட தமிழாளு ஒருத்தர் கடைசி பெஞ்சுகிட்ட தனியா நின்னாரு. எங்களப் பாத்தாரு, என் சேலையப் பாத்தாரு, தூக்குச்சட்டியப் பாத்தாரு. மெதுவாக் கிட்ட வந்தாரு.

"அம்மா, நீங்க அவரோட அக்காவா?"

அம்மா தலையாட்டினாங்க.

"இப்ப வர்றீங்களேம்மா. இப்பத்தானே போச்சு."

அப்பா குறுக்க வந்தாரு. "பத்து மணி மெயிலு? பத்தரைக்குத்தானே?"

"மெயிலு என்னைக்கும் பத்துக்குத்தான்யா. பழைய மணிக்கும் பத்து, புது மணிக்கும் பத்து."

அப்பா தன் கைக்கடிகாரத்தப் பாத்தாரு. அப்பறம்தான் நிமிந்து மேல பாத்தாரு. அப்படியே பக்கத்துல கெடந்த சாமான் வண்டியில உக்காந்துட்டாரு.

அந்த ஆளு மாமாவோட வேலை செஞ்சவராம். கடைசி நாளுன்னு வழியனுப்ப வந்தாராம். அவருதான் சொன்னாரு. வேலை செய்யற எல்லாருமா சேந்து மாமாவுக்குக் கீழ்ப்படுக்கை வாங்கிக் குடுத்திருக்காங்க, அவங்களே விரிப்பு போட்டு, தலகாணி வச்சு, "அண்ணே, ஒரு நாளாச்சும் நீங்க படுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. மாமா உக்காரவே இல்லையாம். சாயங்காலம் வந்து எறங்கினதுலேருந்து இந்த பெஞ்சுகிட்டயே நின்னுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாராம். மணியடிச்சதும் வண்டி கார்டுகிட்டப் போயி, ரெண்டே நிமிஷம் பொறுங்கன்னு கேட்டிருக்காரு.

"இத்தன வருஷ சர்வீஸ்ல அவரு அப்படிக் கேட்டு நான் பாத்ததில்லம்மா. வண்டி நிக்காதுன்னு அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்டாரு. பச்சை விழுந்திருச்சி, கார்டு என்னா செய்வாரு. வண்டி நகரும்போதுதான் ஏறினாரு."

"என்னமாச்சும் சொன்னானா?" அம்மா கேட்டாங்க.

அவரு அப்பாவ ஒரு தடவ பாத்தாரு. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்ச மாதிரி இருந்துச்சி.

"'நான் காத்திருந்தேன்னு சொல்லிரு'ன்னாரும்மா."

அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரு கையில இன்னும் அந்தப் பூ பொட்டலம் சுத்தின வாழையிலை இருந்துச்சி. எனக்கு அந்த நேரத்துல அப்பா மேல ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சி. அவரப் பாக்கவும் முடியல, திட்டவும் முடியல. சேலைதான் ஒடம்புல கனத்துச்சி.

திடீர்னு அப்பா எழுந்தாரு. "வா, பஸ் புடிப்போம். கப்பல் ஏறறதுக்குள்ள புடிச்சிரலாம்"னு வெளியூர் பஸ் கெளம்பற புடுராயாவுக்கு எங்கள இழுத்துக்கிட்டு ஓடினாரு. ஸ்கூல் லீவு சமயம், பட்டர்வொர்த் போற பஸ்ல ஒரு எடம் இல்ல. ஒவ்வொரு கவுண்டரா அப்பா போயி நின்னாரு. யார்கிட்டயும் கெஞ்சி நான் பாத்ததில்ல. அன்னிக்கு மலாய்க்காரர்கிட்ட, சீனர்கிட்ட, நம்ம ஆளுகிட்ட, ஒவ்வொருத்தர்கிட்டயும் கைகூப்பி, "சம்சாரம் ஒருத்திய மட்டும் ஏத்திக்குங்க, நின்னுக்கிட்டே வருவா"ன்னு கேட்டாரு. டாக்சிக்காரர் சொன்ன கூலி எங்க மூணு பேர் கைல இருந்தத சேத்தாலும் தாண்டிருச்சி. கடைசியில அம்மாதான் சொன்னாங்க. "போதும். என்னால முடியல. வீட்டுக்குப் போவோம்."

விடியற வரைக்கும் அங்கேயே ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தோம். புளிச்சோறு யாரும் தொடல. மாமாவுக்குன்னு கொண்டாந்த கம்பளிய அம்மா மடியிலயே வச்சிருந்தாங்க, தனக்கும் போத்திக்கல, எனக்கும் போத்தல. இந்நேரம் வண்டி ஈப்போ தாண்டியிருக்குமான்னு ஒரு தடவ கேட்டாங்க.

அப்பறம் நடந்தத இங்கேயே சொல்லிர்றேன். நாங்க மாமாவுக்குக் கடுதாசி போட்டோம். மணி மாறின கதைய, டயர் போன கதைய, சேலை கட்டின கதைய எல்லாம் நான்தான் பக்கம் பக்கமா எழுதினேன். பதில் வந்துச்சி. எல்லாரும் சொகமா, மச்சான் ஒடம்ப பாத்துக்கச் சொல்லு, பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சான்னு இருந்துச்சி. அந்த ராத்திரியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நம்பினாரா, சாக்குன்னு நெனச்சாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சில வருஷம் கழிச்சு அவரு போயிட்டாருன்னு சேதி வந்துச்சி. அம்மா அவரப் பாக்கவே இல்ல.

ஆனா எனக்கு மனச விட்டுப் போகாதது அந்த மறுநாள் காலைதான்.

மொத பஸ் புடிச்சு வீடு வந்து சேந்தோம். வெளிச்சம் வந்திருச்சி. எங்க வீட்டுக் கடிகாரம் எப்பவும் போல அரை மணி நேரம் பின்னாலயே ஓடிக்கிட்டு இருந்துச்சி. அப்பா சட்டையக்கூடக் கழட்டல. ஸ்டூல இழுத்துப் போட்டாரு, ஏறினாரு, கடிகாரத்தோட கண்ணாடிக் கதவத் தெறந்தாரு. அத்தன மாசம் யாரையும் தொடவிடாத முள்ளுல வெரல வச்சாரு.

அம்மா வாசப்படியில உக்காந்திருந்தாங்க. திரும்பிக்கூடப் பாக்கல. கதவு தெறந்த சத்தம்தான் கேட்டிருக்கும்.

"விடுங்க. அதத் தள்ளாதீங்க."

அப்பா அப்படியே நின்னாரு.

"நேத்து நாம போயி நின்னப்ப அந்த மணிக்குப் பத்து ஆவல. அந்த மணியில எந் தம்பி இன்னும் கெளம்பல. அப்படியே இருக்கட்டும்."

அப்பா கண்ணாடிக் கதவ மூடினாரு. ஸ்டூல விட்டு எறங்கி, சொவத்துல சாஞ்சு தரையில உக்காந்தாரு. வெளிய ஆளுங்க வேலைக்குப் போற சத்தம் கேட்டுச்சி. "மண்டோர் இன்னும் வரலையா?"ன்னு யாரோ கேட்டுக்கிட்டே போனாங்க. பெரட்டு அவரு இல்லாமலே முடிஞ்சிருந்துச்சி, அன்னிக்கு அவரு வேலைக்கும் போகல.